ஏர்போர்ட் பக்கத்தில் 'ஹெலிகேம்': மெஷின் எழும்பினாலும் மாட்டுவது கேமராக்காரர்தான்!

மாப்பிள்ளை அழைப்பு கிளம்பியாச்சு. பேண்டு வாத்தியம் தூள் பறக்குது. "தம்பி, அந்த ஹெலிகேமைத் தூக்குப்பா" என்று பெரியவர் ஒருவர் அவசரப்படுத்துகிறார். கேமராக்காரர் ரிமோட்டை அழுத்துகிறார். இறக்கை சுத்தவே இல்லை. 'இங்கே பறக்கத் தடை' என்று செல்போன் திரையில் சிவப்பு எழுத்து வருகிறது. மண்டபம் இருப்பது பம்மலில். கூப்பிடு தூரத்தில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்.

மெஷின் ரிப்பேர் இல்லை. கம்பெனியே உள்ளே ஒரு பூட்டு போட்டு அனுப்பியிருக்கிறது. பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர், கொளப்பாக்கம், பரங்கிமலை பக்கம் வேலைக்குப் போகிற வீடியோகிராபர்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் இந்தப் பூட்டை நம்பியே தொழில் பண்ணுகிறவர்களுக்குத்தான் இனி ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ட்ரோனுக்குள் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். பறக்கக் கூடாத இடங்களின் வரைபடத்தையும் கம்பெனி அதில் ஏற்றி வைத்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். தடை வட்டத்துக்குள் நின்றால் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. வெளியே இருந்து கிளப்பி உள்ளே ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டின மாதிரி எல்லையிலேயே அந்தரத்தில் நின்று விடும். சில இடத்தில் பறக்க விடும், ஆனால் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறாது.

உலகத்தில் அதிகமாக விற்கிற பறக்கும் கேமராக்கள் சீனாவின் ஷென்சென் நகரில் உள்ள டி.ஜே.ஐ. கம்பெனியுடையவை. 2013-ம் ஆண்டு முதலே ஏர்போர்ட் பக்கம் பறக்காதபடி இந்தப் பூட்டை அது போட்டு வந்தது.

2015 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் ஜனாதிபதி குடியிருக்கும் வெள்ளை மாளிகை புல்வெளியில் ஒரு ட்ரோன் வந்து விழுந்தது. பாதுகாப்புப் படையே பதறிப் போனது. விசாரித்தால், குடித்துவிட்டு ட்ரோனை விட்டவர் ஓர் அரசு ஊழியர்! சில நாட்களிலேயே, வாஷிங்டன் நகரைச் சுற்றி 25 கிலோமீட்டருக்கு ட்ரோன் எழும்பாதபடி கம்பெனி புது சாப்ட்வேர் விட்டது. போலீஸ் செய்ய வேண்டிய காவலை மெஷினே செய்ய ஆரம்பித்தது.

பூட்டைக் கழற்றிய கம்பெனி

பத்து வருஷம் ஓடியது. இப்போது அதே கம்பெனி பூட்டைக் கழற்றி விட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளில் 2024 ஜனவரியிலும், அமெரிக்காவில் 2025 ஜனவரி 13-ந்தேதியும் இந்த மாற்றம் வந்தது. தடை இடத்தில் இப்போது எச்சரிக்கை மட்டும் வரும். 'சரி, புரிந்தது' என்று தட்டினால் மெஷின் பறந்து விடும்.

கம்பெனி சொல்லும் காரணம் இதுதான். எங்கே பறக்கலாம் என்று சட்டம் போடுவது அரசாங்கத்தின் வேலை. பூட்டு போடச் சொல்லி அமெரிக்க சட்டம் கேட்கவில்லை. நாங்களாகப் போட்டோம். இனி பொறுப்பு ஓட்டுகிறவருடையது. ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாள எண்ணை நம்பர் பிளேட் மாதிரி ஒலிபரப்பும் முறையும் அங்கே வந்து விட்டது. தப்பு செய்தால் ஆளைப் பிடிக்கலாம் என்கிறார்கள்.

பிடிக்கலாம், சரி. ஆனால் விமானத்தில் மோதிய பிறகு பிடித்து என்ன பிரயோஜனம்?

இறக்கையில் விழுந்த ஓட்டை

அந்த அறிவிப்புக்கு நாலு நாள் முன்புதான், 2025 ஜனவரி 9-ந்தேதி, லாஸ் ஏஞ்சல்சில் காட்டுத் தீ எரிந்து கொண்டிருந்தது. கனடாவில் இருந்து வந்த 'சூப்பர் ஸ்கூப்பர்' விமானம் கடலில் தண்ணீர் அள்ளி வந்து தீயில் கொட்டிக் கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க ஒருவர் கார் பார்க்கிங் மாடியில் இருந்து ட்ரோனை விட்டார். இரண்டரை கிலோமீட்டர் தாண்டியதும் அது கண்ணில் இருந்து மறைந்தது. நேராகப் போய் விமானத்தின் இறக்கையில் மோதியது.

3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை! விமானி பத்திரமாக இறக்கி விட்டார். ஆனால் ஊரே எரிகிற நேரத்தில் பல நாட்கள் அந்த விமானம் ஷெட்டில் நின்றது. ட்ரோன் விட்டவர் குற்றத்தை ஒப்புக் கொண்டார். 65 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கட்ட சம்மதித்தார்.

அந்த ட்ரோனின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 250 கிராம்! கால் கிலோ தக்காளி எடைதான். விமானம் போகிற வேகத்தில் அது கல்லாக மாறி விடுகிறது.

ஏர்போர்ட்டில் மோதவே வேண்டாம், கண்ணில் பட்டாலே போதும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் ஏர்போர்ட்டில் ட்ரோன் தெரிந்ததாக தகவல் வர, ஓடுபாதையை மூடி விட்டார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் சுமார் 1,000 விமானங்கள் பாதிப்பு. 1 லட்சத்து 40 ஆயிரம் பயணிகள் தவித்தனர். யார் செய்தது என்று கடைசி வரை நிரூபிக்க முடியவில்லை. வேண்டுமென்றே வருகிறவனை எந்தப் பூட்டும் தடுக்காது. உதிரி பாகம் வாங்கி வீட்டிலேயே ட்ரோன் செய்கிறவனுக்குப் பூட்டே கிடையாது. விவரம் தெரியாமல் வருகிறவரைத்தான் அது காப்பாற்றும். அதனால்தான் அது முக்கியம்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. வானத்தை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிக்னல் மாதிரிதான். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அறை அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவை இல்லை.

ஏர்போர்ட் சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடி வரைதான் பச்சை. 8 கிலோமீட்டருக்குள் வந்து விட்டால் அனுமதி இல்லாமல் கிளப்ப வழியே இல்லை. கிண்டி, வேளச்சேரி, போரூர், குரோம்பேட்டை எல்லாமே இந்த வட்டத்துக்குள் வருகிற ஏரியாக்கள்தான். எத்தனை கல்யாண மண்டபம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் சிக்கல். கம்பெனி போட்ட வட்டமும், அரசு போட்ட வட்டமும் ஒன்று இல்லை. பம்மலில் மோட்டார் சுத்தாமல் போகலாம். வேளச்சேரியில் ஜம்மென்று எழும்பலாம். 'மெஷின் தூக்குதே, அப்புறம் என்ன?' என்று கேமராக்காரர் நினைக்கிறார். மெஷின் எழும்பினால் அனுமதி கிடைத்து விட்டது என்று அர்த்தம் இல்லை. போலீசும் அதை ஏற்காது.

பூட்டு பற்றி நம் விதியிலும் ஒரு வரி இருக்கிறது. எல்லை தாண்டாமல் தடுக்கும் வசதியை மத்திய அரசு பின்னால் அறிவித்து கட்டாயமாக்கலாம், அதற்குக் குறைந்தது 6 மாசம் அவகாசம் தர வேண்டும் என்று 2021-லேயே எழுதி வைத்தார்கள். அன்றைக்கே கட்டாயம் ஆக்கவில்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கும் தடை வந்தது.

'250 கிராம்தானே, லைசென்ஸ் வேண்டாமே' என்று சிலர் சொல்வார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அதற்காக சிவப்புப் பகுதியில் பறக்கலாம் என்று யார் சொன்னது? லாஸ் ஏஞ்சல்சில் ஓட்டை போட்டதும் அந்த சைஸ்தான்.

மாட்டுவது யார்?

விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். போலீஸ் கேஸ் தனி. மெஷினையும் தூக்கிக் கொண்டு போவார்கள்.

ஆர்டர் பிடித்தது ஸ்டூடியோ முதலாளி. 'மேலே இருந்து ஷாட் கட்டாயம் வேணும்' என்று கேட்டது கல்யாண வீடு. இடம் கொடுத்தது மண்டபம். ஆனால் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் போலீஸ் கண்ணில் முதலில் படுவார். பெரும்பாலும் அவர் நாள் கூலிக்கு வந்த பையன். இத்தனை நாள் அவருக்கு சட்டம் சொல்லிக் கொடுத்த ஒரே வாத்தியார் அந்தப் பூட்டுதான். வெளிநாட்டில் அந்த வாத்தியார் ரிட்டயர் ஆகி விட்டார். இங்கேயும் நாளைக்கே ஒரு சாப்ட்வேர் மாற்றத்தில் போய் விடலாம். அது ஷென்சென்னில் எடுக்கிற முடிவு. பல்லாவரத்தில் யாரையும் கேட்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தை செல்போனிலேயே பார்க்கலாம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே மண்டபம் எந்தக் கலரில் வருகிறது என்று ஸ்டூடியோக்காரர்கள் பார்த்து, முடியாது என்றால் முடியாது என்று எழுதிக் கொடுத்து விட வேண்டும். மண்டபத்துக்காரர்களும் பட்டாசுக்குத் தடை என்று போர்டு வைக்கிற மாதிரி இதற்கும் ஒரு போர்டு வைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பெரிய ட்ரோன் ஓட்டுகிறவர்கள் முறையாகப் படித்து பைலட் சான்றிதழ் எடுக்கலாம். 10-ம் வகுப்பு பாஸ், 18 வயது போதும். தமிழக அரசின் ஆளில்லா விமானக் கழகமே பயிற்சி தருகிறது.

பிரதமர் வருகிறார் என்றால் ட்ரோன் தடை என்று சென்னை போலீசார் உடனே அறிவிப்பு விடுகிறார்கள். ஏர்போர்ட் பக்கம் வருஷம் 365 நாளும் தடைதான். அதை யார் ஞாபகப்படுத்துவது? முகூர்த்த சீசனுக்கு முன்னால் மண்டபம் மண்டபமாக ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும்.

தாழ்வாக வந்து இறங்குகிற ஒவ்வொரு விமானத்திலும் நூற்றுக்கணக்கான உயிர் இருக்கிறது. துபாயில் இருந்து ரெண்டு வருஷம் கழித்து வீடு திரும்புகிற நம்ம வீட்டுப் பையனும் அதில் இருக்கலாம். மேலே இருந்து எடுக்கிற ஷாட் இல்லாமலும் தாலி கட்டலாம். கல்யாணம் நல்லபடியாகவே நடக்கும்!