ஏழை வண்டிக்குப் பட்டுச் சட்டை

இத்தாலியில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவர் ஒரு மோட்டார் வண்டியின் படங்களை எனக்கு அனுப்பியிருக்கிறார். 1958-ஆம் வருஷத்து ஃபியட் 500. அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, இரண்டு வருஷம் பாடுபட்டுப் புதுப்பித்திருக்கிறாராம். முகம் பார்த்துக்கொள்ளலாம் போன்ற பளபளப்பு. சிவப்புத் தோல் தைத்த ஆசனங்கள். சுற்றிலும் குரோமியப் பட்டை. மழை நாளில் வெளியே எடுப்பதே இல்லையாம். “இது மறுபிறவி அல்லவா?” என்று கேட்டிருக்கிறார் நண்பர்.

அல்ல என்பது என் கட்சி. நண்பர் வருத்தப்படுவார், படட்டும்.

இந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். பம்பாயில் தயாராகி நம் தெருக்களில் ஓடிய ஃபியட் 1100-ஐ நினைத்துக்கொள்ளக் கூடாது. இது ஏறத்தாழ அதன் முக்கால் நீளந்தான். மூன்று மீட்டருக்கும் குறைவு. யுத்தத்தில் நொறுங்கிப் போன இத்தாலியில், சாமானியன் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு ஏறியிருந்தான். முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் மனைவி உட்கார, மழையில் நனைந்துகொண்டே போனான். அவன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று டூரின் நகரத்து எஞ்சினியர் டான்டே ஜியாகோசா 1957-இல் உருவாக்கியதுதான் இந்த வண்டி.

அங்கம் அங்கமாகக் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார் மனிதர். நான்கு சிலிண்டருக்குப் பதில் இரண்டு, 479 சி.சி.; 13 குதிரைச் சக்தி. காற்றே எஞ்சினைக் குளிர வைக்கட்டும் என்று ரேடியேட்டரை ஒழித்தார். கூரைக்குத் துணி போட்டார். தகடும் மிச்சம், இரண்டு சிலிண்டரின் இரைச்சல் உள்ளே முழங்காமல் போகவும் வழி. முதலில் வந்த வண்டிகளில் பின்னால் சரியான ஆசனங்கூடக் கிடையாது. விலை 490,000 லிரா. அதையும் மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் தவணைக்கு நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கினார்கள். 1959-இல் இத்தாலியின் உயர்ந்த வடிவமைப்புப் பரிசான ‘கொம்பாஸ்ஸோ தோரோ’ ஜியாகோசாவுக்குக் கிடைத்தது. எதை வைத்தார் என்பதற்காக மட்டுமல்ல, எதையெல்லாம் விட்டார் என்பதற்காகவும் கிடைத்த பரிசு அது என்று நான் நினைக்கிறேன்.

“வாங்கினவர்களே மினுக்கைத்தானே விரும்பினார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் வண்டியின் மொட்டைத் தோற்றத்தை ஜனங்கள் ஒப்பவில்லை. சில மாதங்களுக்குள் கம்பெனி பக்கக் கண்ணாடியை இறக்கி ஏற்ற வழி செய்து, கொஞ்சம் மினுக்கும் சேர்க்க வேண்டி வந்தது. நான் மறுக்கவில்லை. அந்தக் கொஞ்ச மினுக்கு, கடன் வாங்கிக் கார் வாங்கியவனுடைய ஆசை. அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். இன்று தைத்திருக்கும் சிவப்புத் தோல் அவன் ஆசையன்று. அவன் ஏழையாக இருந்தான் என்பதில் நமக்கு உள்ள வெட்கம்.

“துருப்பிடித்து மண்ணாகப் போக விட்டிருக்க வேண்டுமா?” என்றும் கேட்கலாம். வேண்டாம். அரித்துப் போன தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு தட்டிப் பொருத்திய தொழிலாளியின் கைக்கு நான் கும்பிடு போடுகிறேன். செத்த எஞ்சினை மறுபடி பேச வைத்தவனுக்கும் அப்படியே. அவர்கள் செய்தது வைத்தியம். அதற்குப் பிறகு சொந்தக்காரர் செய்தது வேஷம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதையில் ஒரு கூலிக்காரி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் அவள் பேச்சைத் திருத்தி, இலக்கணம் ஏற்றி, மேடைத் தமிழாக்கி, ‘புதுப்பித்த பதிப்பு’ என்று வெளியிட்டால் நான் சும்மா இருப்பேனா? அவள் வாயை அடைத்த பாவம் அவரைச் சேராதா? அந்த வண்டியின் துணிக் கூரையும் மெலிந்த ஆசனமும் அந்தக் காலத்து இத்தாலியச் சாமானியனின் பேச்சு. கையில் இருந்தது எவ்வளவு, அதற்குள் எப்படிக் குடும்பம் நடத்தினான் என்பதை அவை சொல்லிக்கொண்டிருந்தன. தோலைத் தைத்து அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நண்பரின் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு யோசனை. ஐயா, அந்தத் தோலைப் பிரித்துவிட்டுப் பழைய மாதிரி ஆசனம் போடுங்கள். கியர் மாற்றும்போது வண்டி முனகட்டும். மழை நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மழைக்காகத்தான் அதைச் செய்தார்கள்.