தாதியின் பதற்றம் யார் குற்றம்?

ஆண்டுதோறும் மே 12 வந்துவிட்டால், நம் மேடைகளில் தாதியர் "வெண்ணிற ஆடைத் தேவதைகள்" ஆகிவிடுகின்றனர். புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் விளக்கேற்றிப் பொன்னாடை போர்த்தி, பொறுமைக்கு இலக்கணம் என்று புகழ்ந்து ஓய்கின்றனர் பிரமுகர்கள். மறுநாட் காலை புற்றுநோய் விடுதியில் அதே தாதி நிலைகுலைந்து நின்றால், "உமக்கு மனவுறுதி போதாது" என்கின்றது அதே சமுதாயம். தேவதைக்கும் நரம்புண்டு என்பதை இவர்கள் என்றைக்கு ஒப்புக்கொள்ளப் போகின்றனர்?

கொக்குவிலில் இருந்துகொண்டு இதனை எழுதக் காரணமுண்டு. நம் ஊருக்குத் தெற்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சென்றால் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை. மருத்துவபீடமோ நமது ஆடியபாதம் வீதியிலேயே இருக்கின்றது. தெல்லிப்பளைக் கட்டடத்துக்கு நிதி திரட்ட 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள். பெருமைக்குரிய நடை அது. ஆனால் இத்தகைய கட்டடங்களுக்குள்ளே உழைப்பவரின் உள்ளத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்ஸி" என்று மகன் கதவடியில் நின்று கெஞ்சுகிறான். உள்ளே போனால், "எனக்கு என்ன வருத்தம், பிள்ளை? நீயாவது சொல்லு" என்று தாய் கையைப் பிடிக்கிறாள். உண்மையைச் சொல்லும் அதிகாரம் வைத்தியருடையது. பொய்யைச் சுமக்கும் கடமை தாதியுடையது! இரசாயன சிகிச்சைக்காக மூன்று வாரத்துக்கொரு முறை வருபவர் மாதக்கணக்கில் வருகிறார். அவருடைய பேரப்பிள்ளையின் பெயர்கூடத் தாதிக்குப் பாடமாகிவிடுகின்றது. ஒரு நாள் அவர் வருவதில்லை. அன்றைக்கும் அடுத்த நோயாளிக்கு ஊசி ஏற்றத்தான் வேண்டும்.

இந்தச் சுமை எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவர்மீது பாயும். வைத்தியர் சிஸ்டரை ஏச, சிஸ்டர் இளைய தாதியை ஏச, எல்லோருடைய ஏச்சும் ஈற்றில் சிற்றூழியர் தலையில் விழும். கடமைப் பட்டியலில் ஓர் இரவு மாறினால் அது மாதக்கணக்கில் நீளும் பகையாகும். வெளியே நிற்பவர்கள் இதைப் "பெண்களின் சண்டை" என்று சிரிக்கின்றனர்.

லண்டன் டவிஸ்டொக் நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் மென்சிஸ், ஒரு பெரிய வைத்தியசாலையின் தாதியர் சேவையை ஆராய்ந்து 1960இல் கட்டுரை வெளியிட்டார். மரணத்தின் அருகே வாழ்வதால் எழும் பதற்றத்துக்கு அங்கே வேலைமுறையே அரணாக்கப்பட்டிருந்தது. எந்த நோயாளியோடும் நெருங்காதபடி பணி துண்டு துண்டாக்கப்பட்டது. சிறு முடிவுகூட மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. மூத்தவர் இளையவரைப் பொறுப்பற்றவர் என்றனர், இளையவர் மூத்தவரைக் கொடியவர் என்றனர். அந்த அரணே புதிய பதற்றங்களை ஈன்றது. பயிற்சிக்கு வந்தோரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் முடிக்காமலே விலகினர். அவர்களுள் திறமையும் முதிர்ச்சியும் உடையோர் பலர் என்பதையும் அவர் கண்டார். (வர்க்கத்தைப் பற்றி அந்த அம்மையார் பேசவில்லையே என்று நம் தோழர் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும், வாசித்துவிட்டுச் சுளிக்கட்டும்.)

தியானப் பயிற்சி அளித்தால் எல்லாம் சரியாகும் என்போரோடுதான் எனக்கு வழக்கு. மூச்சை அடக்கினால் நெஞ்சு சற்று ஆறலாம், மறுக்கவில்லை. இருவர் பார்க்கவேண்டிய விடுதியை ஒருவரே பார்க்கும் இரவில், எந்த மூச்சுப் பயிற்சி அந்த ஒருவரை இருவராக்கும்? 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் கடல் கடந்தனர். எஞ்சியோரின் தோளிலே அந்தச் சுமையும் ஏறிற்று.

நம் தரப்பிலும் குற்றமுண்டு. சம்பளத்துக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் கொடி பிடித்தோம், சரியே. விடுதிக்குள் யார் யாரைப் பேசவிடுவதில்லை என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

வாரத்துக்கு ஒரு மணி நேரம், கடமை நேரத்துக்குள்ளேயே, வைத்தியரும் சிஸ்டரும் தாதியரும் சிற்றூழியரும் ஒன்றாக இருந்து பேசட்டும். எந்த நோயாளிக்கு யார், எவ்வளவு சொல்வது என்பதை அங்கே தீர்மானிக்கட்டும். இது ஆகாயக் கோட்டையா? 1995இல் புற்றுநோயால் இறந்த போஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரால், பராமரிப்போர் தம் மனச்சுமையைப் பதவி வேறுபாடின்றிப் பேசும் கூட்டங்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடக்கின்றன. ஒரே வாங்கில் எல்லோரும் இருந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று இங்கே சொல்வார்கள். எந்த ஒழுங்கு? கதவடியில் மகனும் கட்டிலிலே தாயுமாகப் பிடித்திழுக்க, நடுவிலே அந்தப் பெண்ணைத் தனியே நிறுத்திவைத்திருக்கும் ஒழுங்கா?