மலை இறங்கி வந்தது!

யானையோடு ஆட்டுக்குட்டி மோதுவதா என்று கேட்போர் உண்டு. கணினிச் சில்லுச் சந்தையிலே யானை, இன்டெல். ஆலை பலம், பண பலம், பெயர் பலம் அத்தனையும் அதனிடம். எதிரே நின்றதோ ஏ.எம்.டி.! மோதியது, வென்றது. எப்படி? துணிவால் மட்டுமா? இல்லை தோழர்களே, களத்தைத் தேர்ந்தெடுத்த அறிவால்!

அந்நாளில் மேசைக் கணினிகளில் இருந்தவை 32 பிட் சில்லுகள். நான்கு கிகாபைட்டுக்கு மேல் நினைவகம் என்றால் திணறின. 64 பிட் சில்லு தேவை என்பதை இருவரும் ஒப்பினர். வழியில்தான் வேறுபாடு.

இன்டெல் என்ன செய்தது? எச்.பி. நிறுவனத்தோடு கூடி, இட்டானியம் என்னும் புத்தம் புதுச் சில்லை 2001இல் இறக்கிற்று. பழைய மென்பொருள்கள் அதில் ஊர்ந்தன. வேகம் வேண்டுமா? எழுதியதைத் திருப்பி எழுது. வாங்கியதை மறுபடி வாங்கு! மன்னன் புதுத் தலைநகர் கட்டுவான், குடிமக்கள் மூட்டை முடிச்சோடு புறப்பட வேண்டும்! ஏகபோகத்தின் எண்ணம் இதுதானே! அந்தப் பாதையில் நடக்க ஏ.எம்.டி.க்கு உரிமையும் கிடையாது.

ஏ.எம்.டி. என்ன செய்தது? பழைய வீட்டை இடிக்காமல் மேலே மாடி எழுப்பும் திட்டத்தை 1999இல் அறிவித்தது. 2003இல் ஆப்டெரான் வந்தது. பழைய மென்பொருளும் அதில் குறையாத வேகத்தில் ஓடியது, புதியதும் ஓடியது. 2004இல் இன்டெல்லே அந்த வழிக்கு வந்தது! இட்டானியத்தின் விற்பனை 2021இல் ஓய்ந்தது. இன்று இன்டெல் விற்கும் மேசைக் கணினிச் சில்லுகளும் ஏ.எம்.டி. வகுத்த 64 பிட் முறையிலேதான் இயங்குகின்றன.

நல்ல சரக்கு இருந்தால் மட்டும் போதுமா? கடை திறந்திருக்க வேண்டாமா? தன்னிடம் வாங்காதிருக்கக் கணினி நிறுவனங்களுக்கு இன்டெல் சலுகை காட்டுகிறது என்று 2005இல் ஏ.எம்.டி. வழக்குத் தொடுத்தது. இன்டெல் மறுத்தது, ஆனால் 2009இல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஏ.எம்.டி.யும் இலாபம் தேடும் நிறுவனமே. அதற்கு ஆலவட்டம் வீச நாம் வரவில்லை. நாம் காணும் பாடம் இது: மக்கள் கையில் இருப்பதை மதித்தவன் உயர்ந்தான், அதை எறிந்துவிட்டு வா என்றவன் இறங்கி வந்தான். எளியவன் வலியவனோடு மோதலாம். ஆனால் வலியவன் குறித்த களத்திலே மோதாதே. மக்கள் நிற்கும் களத்திலே மோது!