வேஸ்ட் என்று எழுதப்பட்ட நிலம்

தமிழில் இனி மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்ட ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'வேஸ்ட்'. நேரம் வேஸ்ட் ஆகிறது, சோறு வேஸ்ட் ஆகிறது, 'அந்த ஆள் சுத்த வேஸ்ட்' என்று மனிதனையும் ஒரே சொல்லில் தீர்த்துக் கட்டிவிடுகிறோம். மெக்கானிக் கடையில் 'வேஸ்ட் எடு' என்றால் கை துடைக்கும் துணி வரும். திருப்பூரில் பனியன் வேஸ்ட் என்பது எடைபோட்டு விலைபேசி விற்கிற சரக்கு. அதை வாங்கிப் பிரித்து மறுபடி நூலாக்கும் ஆலைகள் இருக்கின்றன. இப்படிப் பேச்சில் எங்கும் வளைந்துகொடுக்கிற சொல், அரசாங்கக் கோப்பில் நிலத்துக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் இறுகிப்போகிறது. அங்கே அதற்கு ஒரே பொருள்தான்: யாருக்கும் பயன்படாதது, எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் இந்தப் பொருள் எவ்வளவு தவறானது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'வாஸ்டஸ்' என்றால் ஆளில்லாத வெளி, அளவிட முடியாத பரப்பு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'வேஸ்ட்'. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'வாஸ்ட்'. பரந்து விரிந்தது என்று பொருள். ஒரே வெளியைப் பார்த்து ஒருவர் வியந்தார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பார்வையும் இரண்டு சொல்லாயின. குப்பை என்ற பொருள் நிலத்துக்குப் பிந்தியே வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைப் பிரபுவின் 'வேஸ்ட்' என்பது பயிரிடப்படாத பொதுநிலம். ஊர் மாடுகள் அங்கே மேய்ந்தன, ஏழைகள் விறகு பொறுக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் என்ற தத்துவவாதி, உழாமல் நடாமல் இயற்கையிடமே விடப்பட்ட நிலம் வீண்நிலம்தான், உழைப்பைச் செலுத்துகிறவனுக்கே அது சொத்தாகும் என்று வாதிட்டார். பின்னால் அந்தப் பொதுநிலங்கள் சட்டம் போட்டு வேலியிடப்பட்டு, மேய்த்தவர்களும் பொறுக்கியவர்களும் வெளியே நின்றார்கள்.

இந்தியாவுக்கு அந்தச் சொல் கப்பலேறி வந்தது வரிவசூல் செய்வோருடன். 1861இல் வைஸ்ராய் கானிங் பிரபுவின் அரசு வேஸ்ட் நிலங்களை விற்க விதிமுறை வகுத்தது; 1863இல் அதற்கென ஒரு சட்டமே வந்தது. விற்பனைக்கு அறிவித்த நிலத்தின் மீது குறித்த கெடுவுக்குள் உரிமை கோராதவர், வழிவழியாக அதில் மாடு மேய்த்தவராக இருந்தாலும், உரிமையை இழந்தார். வரி தராத நிலம் வீண் என்ற இந்தக் கணக்கு வெள்ளையரோடு போய்விடவில்லை. 1985இல் தேசிய தரிசுநில ('வேஸ்ட்லேண்ட்') மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 2019இல் வெளியான தரிசுநில வரைபடத் தொகுப்பு, செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை 23 வகைகளாகப் பிரித்து வேஸ்ட் என்கிறது. சதுப்பு நிலம், நீர் தேங்கும் நிலம், உவர் நிலம், கடற்கரை மணல் எல்லாம் அந்த வகைகளில் அடக்கம். மரக்காணத்தைச் சுற்றி இருப்பது வேறென்ன?

கழுவெளி என்ற சதுப்பு அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் கடலின் உவரும் மாறிமாறி ஆளும் பரப்பு அது. எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக வங்கக் கடலைத் தொடுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் இறங்கும் இடம் என்பதால் 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேரைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதை ஒட்டி உப்பளங்கள். தரையைக் காலால் மிதித்து இறுக்கி, வரப்பு கட்டி, உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு, அடியில் படியும் உப்பைப் பலகையால் இழுத்துக் கூட்டுகிறார்கள். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில்கூட மக்னீசியமும் புரோமினும் இருப்பதால் வேதியியல் தொழிலில் அதற்கும் மதிப்புண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் கரைந்து, வரப்பு உடைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுநீர் மட்டும் தெரியும். நவம்பரில் அந்த இடத்தைப் படம் பிடிப்பவருக்கு அது வெற்றிடம். அந்த மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அரசின் ஒரு கைக்குத் தெரிந்தது இன்னொரு கைக்குத் தெரியவில்லை.

லாக் கேட்ட உழைப்பு இங்கே கொட்டிக் கிடக்கிறது, பசுமை மட்டும்தான் இல்லை. சங்கப் புலவர்கள் இந்தக் குழப்பத்தில் விழவில்லை. நற்றிணைப் பாட்டு ஒன்று உப்பு விளைவிப்பதை மழையை நம்பாத உழவாகவே பார்க்கிறது. மரக்காணத்தில் இன்றும் உப்பு 'விளைகிறது' என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது, நிலத்தைப் பறிப்பது பேராசைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பேராசைக்கும் ஒரு கோப்பு வேண்டும். வேளாண் நிலத்தை எடுக்க உரிமையாளர், இழப்பீடு, வழக்கு என்று எத்தனையோ தடை. வேஸ்ட் என்று பதிவானதற்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. இன்னொரு வாதம், வரைபடத் தொகுப்பில் உள்ளது வெறும் தொழில்நுட்ப வகைப்பாடு, வசைச் சொல் அல்ல என்பது. அதன் வரையறையைப் படித்தால், நியாயமான முயற்சியில் செடிகொடி வளர்க்கக்கூடிய, இப்போது போதிய அளவு பயன்படாத நிலம் என்று இருக்கிறது. எவருடைய பயன் என்ற கேள்வியை அந்த வரையறை கேட்பதில்லை. நண்டு பிடிப்பவர், பூநாரை, புயல்நீரை உள்வாங்கும் சேறு, எவையும் அதன் கணக்கில் வருவதில்லை.

இந்தக் கணக்கின் விளைவுக்கு மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பையும் உள்ளூரார் கழுவெளி என்றே அழைத்தார்கள். பயனற்ற வெளி என்று நினைத்ததால்தான் மாநகரின் குப்பை பெருங்குடியில் அதன் மடியில் மலையாகக் குவிந்தது. சொல்லின் முதல் பொருள் இரண்டாம் பொருளை வரவழைத்துக்கொண்டது. 2022இல் அதே பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அழிந்த பரப்பு திரும்பவில்லை. தமிழுக்கு மட்டும் சுத்தமான கை என்றும் சொல்லிவிட முடியாது. வரிக்கணக்குக்கு வெளியே நின்ற பொதுநிலத்தின் பெயரான புறம்போக்கை நாமே வசையாக்கினோம். அதை மீட்கவே எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்துக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017இல் ஒரு பாட்டே பாட வேண்டியிருந்தது.

மரக்காணத்தில் கழுவெளியைத்தான் சரணாலயமாக அறிவித்தாயிற்றே, பிறகு என்ன என்பார்கள். எல்லைக்கு வெளியே இருக்கும் உப்பளங்களின் நிலை வேறு. ராம்சர் உடன்படிக்கை உப்பளங்களை மனிதர் உருவாக்கிய ஈரநிலமாக எண்ணுகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ உப்பு உற்பத்திக்காக அமைத்தவற்றை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன. மும்பையில் 2024இல் தாராவி குடிசைப் பகுதி மக்களின் மறுகுடியமர்வுக்காகச் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாற்றிக்கொடுக்க முடிவானது. ஏழைக்கு வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளம் வந்து நிற்கும் தாழ்நிலத்தை ஏன் ஏழைக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. சென்னையின் விரிவு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வரும் வேகத்தில், அந்தக் கேள்வி மரக்காணத்துக்கும் வரும்.

அது வருவதற்குள் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். தரிசுநில வரைபடத்தின் அடுத்த பதிப்பில் சதுப்பும் கடலோர உவர் நிலமும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டும். 2017 விதிகளில் உப்பளத்தை விலக்கும் தொடரை மத்திய அரசு நீக்க வேண்டும். அதைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது தமிழக அரசு.