மாநிலப் பட்டியல் என்கிற சாக்கு

1992, அண்ணாமலை நகர் காவல் நிலையம்: கணவன் காவலில் செத்தான், மனைவியைப் போலீசாரே கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1993, கம்மாபுரம்: குறவர் சமூகத்து ராசாக்கண்ணுவை அடித்துக் கொன்றுவிட்டு, 'தப்பிச்சு ஓடிட்டான்'னு கதை கட்டினார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2006 ஆயிற்று. இரண்டும் இன்றைய கடலூர் மாவட்டம்தான், தோழர்களே.

டெல்லி என்ன செய்தது? ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி இன்றுவரை இல்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதாவை 2010-இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையின் தெரிவுக்குழு அதே வருஷம் அலசி, திருத்தி, அறிக்கையும் கொடுத்தது. அப்புறம் கிடப்பில் போட்டார்கள், 2014-இல் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் புது வரைவே எழுதிக் கொடுத்தது. அதுவும் தூங்குது.

கேட்டால், 'போலீசும் சிறையும் மாநிலப் பட்டியல்' என்கிறார்கள். இது வெறும் சாக்கு. சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ளதற்கும் பாராளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 253-ஆம் பிரிவு. அதிகாரம் இல்லையென்றால் 2010-இல் மக்களவை எதை நிறைவேற்றியது? சரி, மாநிலப் பட்டியல்தான் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள் ஏன் போடவில்லை?

லாக்கப்பில் அடி வாங்குகிறவன் பெரும்பாலும் சேரிக்காரன், குறவன், இருளன். அவனுக்காகக் கேள்வி கேட்கத்தான் தனித்தொகுதி. சிதம்பரம் தனித்தொகுதியில் ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், நம்மவரே ஆனாலும், ரோட்டையும் தண்ணிக்குழாயையும் கேட்கிற அதே வாயால் இதையும் கேட்போம்: அந்த மசோதாவை மறுபடி எப்போ கொண்டு வர்றீங்க?