நாற்பது பாயிண்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்

தேங்காய்ப்பட்டணத்தில் காலை டீக்கு நான் போகும் கடையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். அந்த நோட்டில் ஐஸ் கணக்கு முன்பக்கத்திலிருந்து தொடங்கும், பந்து கணக்கு பின்பக்கத்திலிருந்து தொடங்கும். எந்த அணிக்கு எத்தனை பாயிண்டு, யாருக்கு யாரோடு ஆட்டம் பாக்கி, யார் தோற்றால் யார் மேலே வருவார், எல்லாம் கோடு போட்டு எழுதியிருப்பார். தபால் துறையில் முப்பத்தாறு வருடம் கணக்குப் பார்த்தவன் நான். இவ்வளவு சுத்தமான கணக்கை ஆபீசில்கூட அதிகம் பார்த்ததில்லை.

போன வாரம் அவரோடு எனக்கு ஒரு வாக்குவாதம் வந்தது. அது பற்றித்தான் இந்தப் பதிவு. பந்தாட்டத்தில் விருப்பம் இல்லாத நண்பர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாக்குவாதம் தொடங்கியது பழைய கதையில். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்கு 40 பாயிண்டு, கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு 39. சென்னை சிட்டிக்கு மினர்வா பஞ்சாபோடு கோயம்புத்தூரில் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலம் கேரளாவோடு கோழிக்கோட்டில். இரண்டும் ஒரே நேரத்தில். பெயர் சென்னை, ஆடுவது கோவையில் என்று நாங்கள் அப்போதே கேலி பேசுவோம். ஆனாலும் தமிழ்நாட்டு அணி ஒன்று நாட்டின் லீக் பட்டத்துக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறதென்றால் விட முடியுமா?

அன்று கடையில் இரண்டு கட்சி.

"ஜெயிச்சா கதை முடிஞ்சாச்சு. டிரா ஆனாதானாக்கும் கணக்கு" என்றார் நோட்டுக்காரர்.

"அது எப்படி வேய் நம்ம டீமு? கடக்கரைப் பய ஒருத்தன் இருந்தான், அவனும் ஜாம்ஷெட்பூருக்குப் போயாச்சு" என்றார் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்.

அவர் சொன்னது மைக்கேல் சூசைராஜை. ஆற்றுக்கு அக்கரையில் இரவிபுத்தன்துறைப் பையன். சகோதரர் மைக்கேல் ரெஜினும் ஆட்டக்காரர்தான். சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூர் போய், அந்த 2019-லேயே இந்திய அணிக்கும் ஆடினார். இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரைக்கும் உள்ள கடற்கரையில் அவரைத் தெரியாத குழந்தை இருக்காது.

"அப்போ கேரளா பிளாஸ்டர்ஸ்ல மட்டும் உம்ம மாமன் மகனா இருக்கான்?" என்று கடைக்காரக் காக்கா கேட்டார். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

இதை வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குள். கோயம்புத்தூர் நானூறு கிலோமீட்டருக்கு மேல். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில்தான் இருந்தோம். என் கல்லூரி நாட்களில், 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில் கேரளா முதல் தடவையாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது. ரயில்வேயை 3-2. மூன்று கோலும் கேப்டன் மணி. ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் ஒருவன் கேட்டான்: "எடே, நாம தமிழ்நாடுல்லா, எதுக்குத் தட்டுனோம்?" ஐம்பது வருடமாக அதற்குப் பதில் கிடைக்கவில்லை. மொழிக்கு ஒரு கை, பந்துக்கு ஒரு கை என்று வைத்துக்கொண்டோம்.

மார்ச் 9-க்கு வருகிறேன். ஒருவர் கைபேசியில் கோவை ஆட்டம், இன்னொருவர் கைபேசியில் கோழிக்கோடு ஆட்டம். தொடங்கி மூன்று நிமிடத்தில் மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் கோவையில் 0-1, கோழிக்கோட்டில் 0-0. கடையே செத்த வீடு மாதிரி இருந்தது. நோட்டுக்காரர் மட்டும் பேனாவை எடுத்தார். இப்படியே முடிந்தால் இருவருக்கும் 40. சமமானால் இருவரும் மோதிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள், இரண்டிலும் சென்னை சிட்டி ஜெயித்திருக்கிறது. "தோத்தாலும் கப்பு நமக்காக்கும்!" என்றார். தோற்றுக்கொண்டு கப்பு வாங்கும் வழியை அத்தனை சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்னாலிருந்து வந்து 2-1 என்று ஜெயித்தது. 43-க்கு 42. ஒரே ஒரு பாயிண்டு. காக்கா அன்று யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை. அவர் கடை வைத்த நாளிலிருந்து அப்படி நடந்ததாக ஞாபகம் இல்லை.

போன வாரம் நோட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "சாரே, இதைப்போல ஒரு கணக்கு இனி வருமா?" என்று கேட்டார்.

நான் கேட்டேன், "அந்த டீமு இப்போ எங்கே?"

அவர் பதில் சொல்லவில்லை.

பட்டம் வாங்கிய சென்னை சிட்டிக்கு ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. ஐ-லீக் ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற வழி 2022-23-ல்தான் வந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்கு பஹ்ரைன் போனார்கள். ரிஃபா கழகத்திடம் 0-1. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக்கை கொல்கத்தாவில் வைத்து ஆடினார்கள். அதற்கு அடுத்த ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்த அணி அது. "இனி நம்மாளுவ ஐரோப்பாவுக்குப் போவினும்" என்றுகூட கடையில் ஒரு நாள் பேச்சு ஓடியது.

ஒரு பாயிண்டில் தோற்ற ஈஸ்ட் பெங்கால் இன்றைக்கும் இருக்கிறது. 1920-ல் தொடங்கியது. நடுவில் எத்தனையோ கம்பெனிகள் பணம் போட வந்தன, சண்டை போட்டன, போயின. ஆனால் அடியில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், சந்தா இருக்கிறது, தோற்றால் மைதான வாசலில் வந்து கத்துவதற்கு ஆள் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: வாய்ப்பு, வாய்ப்பு என்று நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். யார் தோற்றால் யார் நான்காவது, யார் ஆறாவது என்று கூட்டுகிறோம். அடுத்த வருடம் அந்த அணி இருக்குமா, ஆடுகிற பையனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருமா என்று ஒருவரும் நோட்டில் ஒரு வரி எழுதுவதில்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியையே நிறுத்தி வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தபோது எங்கள் கடையில் என்ன நடந்தது தெரியுமா? பிளாஸ்டர்சுக்கு அடுத்த வருடம் பிளே ஆஃப் வாய்ப்பு உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லீக்கே இருக்குமா என்று தெரியாத நேரம் அது.

நோட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் முதலாளிமாரு பாக்க வேண்டிய காரியம். டிக்கெட் எடுக்கிறவனுக்கு கோலு போதும்" என்றார்.

போதாது என்றேன். ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று 1998-லிருந்து விதி உண்டு. கோடீஸ்வரன் வந்தாலும் மீதியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அங்கே டிக்கெட் எடுக்கிறவன்தான் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வியும் கேட்கிறான். "அது ஜெர்மனியில்லா சாரே" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காலமே நல்லது என்று சொல்ல வந்தவனும் அல்ல நான். அந்தக் காலத்தில் அலுவலக அணிகள் இருந்தன. கேரள போலீஸ் 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், பாப்பச்சன் எல்லாம் அதில் இருந்தார்கள். காலில் அடிபட்டு மூன்று மாதம் படுத்தாலும் போலீஸ்காரனுக்குச் சம்பளம் உண்டு. சூசைராஜ் 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறியபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அவர் பெரிய ஆட்டக்காரர், பெரிய அணி, பார்த்துக்கொள்வார்கள். பெயர் தெரியாத பையனுக்கு? ஆனால் அலுவலக அணிகளுக்கும் ஒரு வியாதி இருந்தது. மேலே ஒரு அதிகாரிக்குப் பந்துகளியில் பிரியம் இருக்கும் வரைதான் ஆள் எடுப்பார்கள். அவர் மாறிப்போனால் அணிக்கு வயதாகிவிடும்.

எனக்கு இந்தப் புத்தி பிறந்தது ஒரே நாளில். 1972 ஆவணி. மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படிக்கிறேன். நாங்கள் அப்போது மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நாகர்கோவிலில். நான் ஆட்டக்காரன் இல்லை, தண்ணீரும் பந்தும் சுமக்கிறவன். ஆனால் கணக்குப் போடுவதில் நான்தான் முதல் ஆள். நான்கு கல்லூரி, மூன்று ஆட்டம். கடைசி ஆட்டத்தில் டிரா போதும், மதுரைக்குப் போகலாம். பஸ்சில் இதையே பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு போனோம்.

எங்கள் இடது விங்கில் ஆடுகிறவன் அக்கரைப் பையன். தோணியில் ஆற்றைக் கடந்து, எங்கள் ஊர் வந்து பஸ் ஏறி கல்லூரிக்கு வருவான். வெறுங்காலோடு மணலில் ஓடிப் பழகியவன், புல்லில் விட்டால் பிடிக்க முடியாது. அன்று அவன் பஸ் நிறுத்தத்தில் இல்லை. பிந்திய பஸ்சில் வருவான் என்று நினைத்தோம். வரவில்லை. 0-1 என்று தோற்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டினோம். நானும்தான், கொஞ்சம் அதிகமாகவே.

மறுநாள் சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தேக்கிலையில் பொதிந்து நாலு பிடி சாளை கொண்டுவந்திருந்தான். அப்பாவின் வள்ளத்தில் ஒரு ஆள் குறைவு, நல்ல மீன்பாடு, விடியற்காலை அப்பா எழுப்பியதும் போய்விட்டேன் என்றான். "கேட்டா போவண்டாம்ணு சொல்லுவியன்னு சொல்லல்ல" என்றான். அம்மா மீனை வாங்கி வைத்து அவனுக்குச் சோறு போட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் அவன் கல்லூரிக்கு வரவில்லை. கொச்சிக்குச் சுறாத் தூண்டிலுக்குப் போய்விட்டான்.

எங்கள் கணக்கில் டிரா இருந்தது, கோல் இருந்தது, மழைகூட இருந்தது. அந்த வள்ளம் இல்லை.

இதை நோட்டுக்காரரிடம் சொல்லி முடித்தபோது வாத்தியார் கேட்டார், "அப்போ என்ன செய்யணும்ணு சொல்லுதீரு சாரே?" பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அக்கரை ஊர்களில் கழகங்கள் நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். அங்கே முதலாளி கிடையாது. படகு வைத்திருப்பவர் கொடுப்பார், கல்ஃபில் இருப்பவன் அனுப்புவான், மீதியை ஊர் போடும். ஆண்டு முடிவில் கணக்கு வாசிப்பார்கள். அதில் தகராறும் வரும், ஒரு தடவை நாற்காலி பறந்ததையே பார்த்திருக்கிறேன். ஆனால் கழகம் அடுத்த வருடமும் இருக்கும். மாவட்டத்துக்கு ஒரு நல்ல லீக், வருடம் முழுக்க, இந்தக் கழகங்களை வைத்தே நடத்தலாம். அதற்கு ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா என்றால் இந்தக் கடையில் எத்தனை பேர் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். காக்கா உள்பட நான்கு பேர் கை தூக்கினார்கள். வாத்தியார் பென்ஷன் வரட்டும் என்றார். அவருக்கு பென்ஷன் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் டூர்ணமென்ட் அரையிறுதி. எங்கள் பக்கத்து அணிக்கு வாய்ப்பு எப்படி என்று நோட்டுக்காரரிடம் கேட்டேன். பின்பக்கத்தைப் புரட்டினார். கோலி நல்ல நிலையில் இருக்கிறானாம், நடுவில் ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கமாம். முன்னால் ஆடுகிற பையன் கடலுக்குப் போய் எட்டு நாள் ஆகிறது.

"படகு சனிக்கிழமை கரை பிடிச்சா அறுபது சதவிகிதம் சாரே. இல்லேண்ணா நாப்பது."

முழங்கால் சம்மதித்தால் நானும் போவதாக இருக்கிறேன்.