தாயும் சேயும் நலமா?



"தாயும் சேயும் நலம்" என்னும் செய்தி மருத்துவமனையிலிருந்து வந்ததும் இல்லம் மகிழ்கிறது. காண வருவோர் அனைவரும் தொட்டிலை நோக்கியே செல்கின்றனர். குழந்தையின் எடையை வினவுகின்றனர். வெளிறிய முகத்துடன் படுத்திருக்கும் தாயை நோக்குவார் சிலரே. வாரங்கள் சில சென்றபின், "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன களைப்பு?" என்ற பேச்சும் எழுகிறது. இப்பேச்சைக் குறித்தே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விழைகிறோம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 100 பேறுகளுள் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. நம் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்த சோகை உடையோர் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. முன்னரே குறைந்திருந்த இரத்தம், அறுவையின்போது மேலும் குறைகிறது. இயல்பான பேற்றில் அரை லிட்டர் வரை இரத்தம் வெளியேறலாம். அறுவையில் 1 லிட்டர் வரையும் வெளியேறக்கூடும்.

இந்த இழப்பைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 1 கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 100 மில்லி இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் உடைய தாய் 1 லிட்டர் இரத்தத்தை இழப்பின், 340 மில்லிகிராம் இரும்பை இழக்கிறாள். உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஈர்ப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராமே. அதிலும் பெரும்பகுதி அன்றாடத் தேய்மானத்திற்கே சரியாகிவிடும். எனவே முருங்கைக்கீரையும் ஈரலும் நன்மை பயப்பினும், அவை மட்டும் இவ்விழப்பை விரைவில் ஈடுசெய்யா.

ஆகவேதான் பேற்றுக்குப் பின் 180 நாள்கள், நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. சோகை கண்டவர்க்கு அளவை மருத்துவர் கூட்டுவார். மாத்திரை ஒவ்வாதோர்க்கும் சோகை மிகுந்தோர்க்கும் இரும்புச் சத்தை ஊசி வழியாக நாளத்தில் செலுத்துவர். நிலை கடுமையாயின் இரத்தமே ஏற்றுவர்.

மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ உட்கொள்ளல் ஆகாது. அவை இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளையில் தருக. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் துணைபுரியும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டா. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கும் இம்மாத்திரையால் தீங்கில்லை. புண் சீழ்ப்பிடிக்கும் என்று அஞ்சி மீனையும் கீரையையும் பழத்தையும் விலக்கும் பத்தியம், தாயை மேலும் மெலியச் செய்யுமேயன்றிக் காக்காது.

மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

கணவன்மாரே, மாமியாரே, உங்களிடம் நாம் வேண்டுவது இதுதான். மருமகளின் களைப்பைச் சோம்பல் என்று தீர்ப்பிடுமுன், அவளுடைய ஹீமோகுளோபின் அளவு என்ன என்று கேட்டறியுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் நாளிலேயே தாயின் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லலாம். இரவில் குழந்தை அழும்போது பால் கொடுத்தபின் அதனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்ள ஒருவர் எழுவாராயின், அதுவும் அவளுக்கு மருந்தாகும். 180 மாத்திரைகளும் தீரும்வரை நினைவூட்டும் பொறுப்பை இல்லத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.